நான் போட்ட இரண்டு

கரவெட்டி
25.09.2024

அன்புள்ள வசந்தி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபிக்காதே. அம்மாவுக்குக் கண்ணில் ஒப்பரேசன், பிறகு குசினிக் கூரை வேலை என்று இரண்டு மாதம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. இப்போது எல்லோரும் சுகம். உன் பெறாமகளின் கலியாணப் படங்கள் கிடைத்தன. பெண் நல்ல வடிவு. மாப்பிள்ளைக்கு அந்தத் தலைப்பாகையை யார் கட்டிவிட்டது? பெரியக்கா பார்த்துவிட்டு "கோண்டாவில் மாமாவேதான்" என்றார். மிச்சத்தை நீயே நினைத்துச் சிரி.

சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ஜனாதிபதித் தேர்தலில் வாக்குப் போட்டேன். நேற்றிரவு பாராளுமன்றத்தையும் கலைத்துவிட்டார்கள், நவம்பர் 14 மறுபடி போகவேண்டும். அதற்கு முதல் இந்தச் சனிக்கிழமைக் கதையை யாருக்காவது முழுதாகச் சொல்லிவிடவேண்டும் போல இருக்கிறது. உன்னை விட்டால் எனக்கு வேறு யார்?

மூன்று கிழமையாக எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போகும், கதை ஆறாது. அண்ணா ரணிலின் சிலிண்டர்ச் சின்னக்காரன். 2022இல் காஸ் தட்டுப்பாட்டில் நெல்லியடியில் வெறும் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில் விட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்தவன் அவன். "ரணில் வராட்டி இண்டைக்கும் விறகுதான் ஊதுவாய்" என்பான். இவர் உனக்குத் தெரியுமே, அப்பா காலத்திலிருந்து தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம். நல்லூர்த் தேரன்று வவுனியாவில் தமிழரசுக் கட்சி கூடி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்ததோடு இவருக்கு யோசனை முடிந்துவிட்டது, சஜித்தின் ரெலிபோன்தான். சின்னவன் கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறி வந்தான். அவனுக்கு அநுரவின் திசைகாட்டி. 2019இல் 3.16 வீதம் எடுத்த ஒரு மனிதர் இன்று வெல்லப்போகிறார் என்றால் சிங்களச் சனம் எவ்வளவு வெறுத்துப்போயிருக்கிறது என்று விளங்கவில்லையா அம்மா என்று கேட்டான். எனக்கு விளங்குகிறது. ஆனால் வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி நீதிமன்றம் போனவர்களும் அதே கட்சிக்காரர்தானே. 2006இல் அந்தத் தீர்ப்பு வந்த நாளில் இந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. அவன் அதைப் படித்துத் தெரிந்துகொண்டான், நானும் நீயும் அதோடு வாழ்ந்தோம். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஊழல் இல்லாத நாடு வேண்டும் என்று ஒரு பெடியன் இருநூற்றைம்பது மைல் கிட்ட பஸ்ஸில் வந்து வாக்குப் போடுவதைப் பார்க்கத் தாய்க்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் நான்கைந்து பேர் கேற்றடிக்கு வந்து ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். தேர்தலைப் புறக்கணியுங்கள் என்று இருந்தது. மரியாதையாகத்தான் கதைத்தார்கள், நல்ல பிள்ளைகள். இந்த ஜனாதிபதி முறையிலே எங்களுக்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டதில் பிழையும் இல்லை. ஆனால் வசந்தி, அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. படித்து முடிக்கவில்லை, மடித்து வைத்துவிட்டுப் போய்க் கிணற்றடியில் இருந்துவிட்டேன்.

உனக்கு ஏனென்று தெரியும். 2005 நவம்பர் 17, அந்த ஜனாதிபதித் தேர்தல் நாள்.

அன்று காலையில் அம்மா எங்கள் வாக்காளர் அட்டைகளை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார். நீ பின்வேலிப் பொட்டால் வந்தாய். ரோட்டில் நாய்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் படிப்பித்த வகுப்பறையில்தான் பெட்டி வைத்திருந்தார்கள். வேலிக்குள்ளால் பார்த்தால் கதவடியில் ஒரு பொலிஸ்காரர் கதிரையில் இருந்தது மட்டும் தெரிந்தது. போகவேண்டாம் என்று புலிகள் பக்கமிருந்து சொல்லியிருந்தார்கள், நாங்களும் போகவில்லை. பயத்தில் போகாமல் இருந்தோமா, நம்பிப் போகாமல் இருந்தோமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏழு இலட்சம் பேருக்கு மேல் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். போட்டது 8,524. மகிந்த ராஜபக்ச ரணிலை வென்றது 180,786 வாக்கால். அந்த எண்ணை நான் பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது.

நாங்கள் போட்டிருந்தால் யுத்தம் வந்திராது என்று நான் சொல்லமாட்டேன். ரணில் வந்திருந்தால் முள்ளிவாய்க்கால் நடந்திராது என்று யாரால் சொல்லமுடியும்? ஆனால் அந்தப் பானைக்குள் கிடந்த அட்டை மூன்றரை வருசத்தில் எங்களுக்கு என்ன கொண்டுவந்தது என்று நினைக்காத தேர்தல் எனக்கு அதற்குப் பிறகு வரவேயில்லை. புறக்கணிப்பு எங்களுக்குப் பழைய பழக்கம்தான். 1931இல் நாட்டில் எல்லோருக்கும் முதன்முதலாக வாக்குரிமை வந்தபோது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் கேட்டு அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். பூரண சுயராச்சியம் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான். வடக்கின் நான்கு ஆசனமும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தது. சபையில் எங்களுக்காகக் கதைக்க ஆளில்லை.

"போட்டாலும் என்ன நடந்தது?" என்று நீ கேட்பாய், உன்னுடைய கேள்வி அதுதானே எப்போதும். 2010இல் யுத்தம் நடத்திய தளபதி சரத் பொன்சேகாவுக்கே புள்ளடி போட்டோம், மகிந்த வென்றார். 2015இல் அன்னத்துக்குப் போட்டோம். மைத்திரி வென்றது 449,072 வாக்கால், அதில் வடக்கு கிழக்கு வாக்கு இல்லாவிட்டால் அவர் இல்லை. வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்திருந்த காணியில் கொஞ்சம் விட்டார்கள், பெரியக்கா தன் வளவுக் கிணற்றை இருபத்தைந்து வருசத்துக்குப் பிறகு எட்டிப் பார்த்து அழுதார். புதிய அரசியலமைப்பு என்றார்கள், அது வரவில்லை. 2019இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு எண்பத்துமூன்று பேருக்கு மேல் சஜித்துக்குப் போட்டோம், கோட்டாபய 52 வீதத்தோடு வந்தார். மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது, இன்றுவரை தேர்தல் இல்லை. ஒருதரம் போடாமல் தோற்றோம், ஒருதரம் போட்டு வென்றோம், மற்றத் தரமெல்லாம் போட்டும் தோற்றோம். பெரியக்காவின் கிணறு அந்த ஒருதரத்தில் கிடைத்தது. எனக்கு அது போதும், நான் போவேன்.

அப்போ யாருக்கு? அதில்தான் இந்தமுறை நித்திரை இல்லை. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குக்குப் போடுவோமா என்று நான் வாய் திறந்ததும் அண்ணா "சங்கு சாவீட்டிலதான் ஊதுறது" என்றான். எனக்குச் சரியான கோபம். கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் 2017 மாசியிலிருந்து இருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் பிள்ளையைக் காணாமலே செத்துப்போனார்கள். அவர்களுக்காக ஒருதரமாவது எங்கள் ஆள், எங்கள் பேர் என்று ஒரு எண் தெற்குக்குத் தெரியவேண்டாமா? அரியநேத்திரன் வெல்லமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1982இல் குமார் பொன்னம்பலம் கேட்டபோதும் தெரிந்துதான் 173,934 பேர் போட்டார்கள். ஆனால் வீட்டில் இவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெல்லக்கூடிய ஒருவரைத் தெரிவுசெய்கிற இடத்தில் நாங்கள் இல்லாமல் போனால் அது 2005 மாதிரி ஆகிவிடும்.

இரண்டையும் செய்யலாம் என்பது எனக்கு வெள்ளிக்கிழமை இரவுதான் தலையில் ஏறியது. புள்ளடிக்குப் பதிலாக 1, 2, 3 என்று இலக்கம் போடலாம். ஒருவரும் ஐம்பது வீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த தெரிவைப் பார்த்து இந்த இருவருக்கும் சேர்ப்பார்கள். 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலிலிருந்தே இந்தச் சட்டம் இருக்கிறது, அதுவரை ஒருமுறையும் தேவைப்பட்டிருக்கவில்லை. நான் அம்மாவின் கட்டிலில் இருந்து பழைய கொப்பி ஒன்றில் கோடு போட்டு விளங்கப்படுத்தினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஒண்டு மனசுக்கு, ரெண்டு வீட்டுக்கு" என்றார். எண்பத்துமூன்று வயது!

காலையில் ஓட்டோ பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பறை. வாக்குச்சீட்டு ஒன்றரை முழம் வரும், நீ கண்டிருக்கவேண்டும். முப்பத்தொன்பது பேர், அதில் ஒருவர் ஏற்கனவே இறந்துவிட்டார், பேர் மட்டும் கிடந்தது. ஒரு பொம்பிளையாவது இருக்கிறாளா என்று மேலிருந்து கீழே தேடினேன், இல்லை. சங்குக்கு நேரே 1 போட்டேன். ரெலிபோனுக்கு நேரே 2 போடும்போது கை நின்றுவிட்டது. அந்த மட்டைத் தடுப்புக்குப் பின்னாலே வேறு யாரும் இல்லை, நான் மட்டும். பிறகு போட்டேன். வெளியே வந்து அம்மாவிடம் கேட்டால், "அது எனக்கும் பெட்டிக்கும் உள்ள அலுவல்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறிவிட்டார்.

அன்றிரவு ஊரடங்கு. விடியும்வரை ரேடியோ. யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு 121,177, சங்குக்கு 116,688, ரணிலுக்கு 84,558, அநுரவுக்கு 27,086. அண்ணா அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டுவிட்டு எதுவும் பேசவில்லை. ஞாயிறு மத்தியானம் சொன்னார்கள், ஒருவரும் ஐம்பதைத் தாண்டவில்லை, அடுத்த தெரிவுகளை எண்ணப்போகிறோம் என்று. நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன், கத்தியோடு ஓடிவந்தேன். வசந்தி, நான் போட்ட இரண்டை எங்கேயோ ஒரு மண்டபத்தில் யாரோ ஒருவர் அந்த நேரம் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! இந்த நாட்டில் முதன்முறையாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னவன் சிரித்தான், பிறகு வந்து பக்கத்தில் இருந்தான்.

அநுரதான் வென்றார். திங்கட்கிழமை பதவியேற்றதைச் சின்னவன் எனக்கும் காட்டினான். அவர் நல்லாகச் செய்தால் எனக்குச் சந்தோசம்தான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஒரு கணக்கு என்னை விடமாட்டேன் என்கிறது. முதல் இருவரையும் விட்டு மற்றவர்களுக்குப் போட்டவர்கள் 33 இலட்சம் பேருக்கு மேல். அவர்களிடமிருந்து இரண்டாவது சுற்றில் இந்த இருவருக்கும் சேர்ந்தது மொத்தமே 273,131. மற்ற 30 இலட்சம் பேர் கடைசித் தீர்மானத்தில் இல்லை. முதல் இருவருக்கும் இருந்த வித்தியாசம் 1,271,880தான். புள்ளடி ஒன்றைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள், பலருக்கு இலக்கம் போடலாம் என்றே யாரும் சொல்லவில்லை. முப்பது வருசம் வகுப்பறையில் நின்ற நான் என் ஒழுங்கையில் இருக்கிற பத்து வீட்டுக்காவது போய்ச் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை இரவு வரை எனக்கே தோன்றவில்லையே.

ஜூலையில் உங்கள் லண்டனில் எங்கள் தமிழ்ப் பெண் உமா குமரன் பாராளுமன்றத் தேர்தலில் வென்ற அன்று, நீ அழுதுகொண்டு ஒரு குரல் பதிவு அனுப்பினாயே. அதை நான் இன்னும் அழிக்கவில்லை. முதல்தரம் வாக்குப் போட்டுவிட்டு நடந்து வந்தபோது கால் நடுங்கியது என்று அதில் சொல்கிறாய். அன்றே உன்னிடம் கேட்க நினைத்தேன், பதினெட்டு வருசமாக வாக்குரிமை இருந்தும் நீ ஏன் போகாமல் இருந்தாய் என்று. கேட்கவில்லை. பின்வேலிப் பொட்டால் நீ வந்த அந்தக் காலைதான் காரணமோ என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மோர்மிளகாயும் ஒடியல்மாவும் கட்டி வைத்திருக்கிறேன். தை மாதம் அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மா உன்னைக் கேட்டார், "அந்தப் பிள்ளை இன்னும் மெலிவோ" என்று.

இன்னொன்று. அன்றைக்குப் பானையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தால், நீ யாருக்குப் போட்டிருப்பாய்? பத்தொன்பது வருசமாக இதை நான் உன்னிடம் கேட்கவேயில்லை. எழுது.

உன்
மலர்