இரண்டு ஆண்டில் காலாவதியாகும் ஆங்கிலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டில் குடியேற விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள், எல்.கே.ஜி. முதல் பட்டப்படிப்பு வரை ஆங்கில வழியில் படித்து, ஆங்கிலத்திலேயே வேலையும் பார்த்தவர்களாக இருந்தாலும், பல நாடுகளுக்கு ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதித்தான் தங்கள் ஆங்கிலத்தை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தேர்வே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சான்றிதழில் 'ஆங்கில வழி' என்று அச்சிட்டிருப்பதாலேயே ஒருவருக்கு ஆங்கிலம் வந்துவிடாது என்பதை, முப்பது ஆண்டுகள் அதே பாடத்தைக் கற்பித்தவள் என்ற முறையில் நன்றாகவே அறிவேன். ஆனால் தேர்வெழுதி நிரூபித்த ஆங்கிலமும் கனடாவில் இரண்டே ஆண்டுகளில் செல்லாததாகிவிடுகிறது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் மகள், குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்த்து, நாள்தோறும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுபவள். கனடாவுக்கு விண்ணப்பிப்பதற்காக முதன்முறை தேர்வெழுதியபோது கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் ஒன்பதுக்கு 8 வாங்கியவள், எழுதுதலில் 6.5 மட்டுமே பெற்றாள். அந்நாட்டு அளவுகோலில் ஒன்பதாம் நிலையை எட்டக் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும் என்பதால், அந்த அரைப் புள்ளியால் எழுத்து எட்டாம் நிலைக்கு இறங்கியது. விண்ணப்பதாரர்களைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் கணக்கில், படிப்புக்கும் பணி அனுபவத்துக்கும் மொழியோடு சேர்த்துக் கிடைக்கும் கூடுதல் புள்ளிகளும் குறைந்தன. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கடிதமும் 250 சொற்களுக்குக் குறையாத ஒரு கட்டுரையும் எழுதும் பழக்கம் தேர்வுக்கென்றே தனியாக வர வேண்டியது; அவள் அலுவலகத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை.

மறுபடி எழுதினாள், வேண்டிய புள்ளியும் கிடைத்தது. விண்ணப்பிக்கச் சொல்லிக் கனடா அரசு அனுப்பும் அழைப்புக்காகக் காத்திருந்ததிலேயே இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இப்போது மூன்றாம் முறை எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் பதினேழாயிரம் ரூபாய்க்குக் குறையாத கட்டணம். கோத்தகிரியிலிருந்து கோவைக்குப் போக வேண்டும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் என்ன செய்வது என்று பயந்து, முந்தின நாளே கீழே இறங்கி அறை எடுத்துத் தங்கும் செலவு வேறு.

கனடா பாரபட்சம் காட்டுகிறது என்று சொல்ல முடியாது. பிரிட்டன் குடிமக்களும் அங்கே குடியேற இதே தேர்வை எழுதத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவோ பிரிட்டன், அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்து கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் அடிப்படைத் தகுதிக்குத் தேர்வு கேட்பதில்லை. மொழியைக் கடவுச்சீட்டின் நிறத்தை வைத்து அளப்பது எனக்கு விளங்கவில்லை; ஆனாலும் திறன்சார் விசாக்களுக்கு அந்நாடு மூன்று ஆண்டுகள் வரையிலான முடிவுகளை ஏற்கிறது. பிரிட்டனில், பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது என்று, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் அமைப்பு உறுதிசெய்தால், பல விசாக்களுக்குத் தனித் தேர்வு தேவையில்லை. ஆகவே மாற்று வழி ஏற்கெனவே நடைமுறையில் உள்ளதுதான்.

ஒருமுறை தேவையான நிலையை எட்டி, அதன்பின் ஆங்கிலத்திலேயே தொடர்ந்து வேலை பார்ப்பவர், நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டினால் பழைய முடிவையே ஏற்க வேண்டும் என்று நம் வெளியுறவு அமைச்சகம் கனடா அரசுடனான பேச்சுகளில் வலியுறுத்த வேண்டும். நீலகிரி நாடாளுமன்ற உறுப்பினரும் இதை அவையில் எழுப்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கோத்தகிரி.