எந்த டப்பாவுடன் சேர்த்துச் சோதித்தீர்கள்? முகக் கிரீம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அழகுசாதன நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்களில் மூன்று பேருக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். மூவருமே பதில் போட்டீர்கள், நன்றி. மூன்று பதிலும் ஒரே கை எழுதியது போல இருந்தன: எங்கள் தயாரிப்பு தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது, சொன்னபடி பயன்படுத்தினால் பாதுகாப்பானது, பிற தயாரிப்புகளுடன் சேர்த்துப் பூசியதற்கு நாங்கள் பொறுப்பல்ல. சரி. அந்தக் கடைசி வரி டப்பாவின் மேல் எங்கே இருக்கிறது என்று கேட்டு மறுபடி எழுதினேன். அதற்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

என் மகளுக்கு 19 வயது. நெற்றியில் நாலைந்து பரு, கன்னத்தில் பழைய பருவின் கறை, அவ்வளவுதான். அதற்காக ஒவ்வொன்றாக வாங்கினாள். காலையில் சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ், பிறகு வைட்டமின் சி சீரம். இரவில் அதே ஃபேஸ்வாஷ், மேலே கிளைகாலிக் அமில டோனர், அதற்கு மேல் ரெட்டினால் கிரீம், கடைசியாக ஒரு மாய்ஸ்சரைசர். ஐந்து டப்பா. ஐந்திலும் ‘மென்மையானது’, ‘தினமும் பயன்படுத்தலாம்’. முதல் வாரம் லேசாக எரிந்தது. “வேலை செய்யுதுப்பா, அதான் எரியுது” என்றாள். அடுத்த வாரம் மூக்கோரம் தோல் உரிந்தது. உரிகிறதே என்று மாய்ஸ்சரைசரை இன்னும் அள்ளிப் பூசினாள். அதிலும் லாக்டிக் அமிலம் இருந்தது என்பது பின்னால், நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஒரு ராத்திரி, பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியும் அவள் வெளியே வரவில்லை. கதவைத் தட்டிவிட்டுப் போனேன். கண்ணாடி முன்னால் நின்றபடி, இரண்டு கண்ணுக்குக் கீழேயும் டிஷ்யூவை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெறும் தண்ணீர் பட்டதற்கே எரிந்திருக்கிறது. வலி தாங்காமல் அழுதால், கண்ணீர் வழிந்த இடமெல்லாம் கோடு கோடாக எரிகிறது. அதனால் கன்னத்தில் இறங்குவதற்குள் கண்ணீரை டிஷ்யூவில் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் மெழுகு தடவியது போலப் பளபளவென்று இருந்தன. உங்கள் விளம்பரத்தில் ‘கண்ணாடி போன்ற சருமம்’ என்று வருகிறதே, அது இதுதானோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

மறுநாள் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்னென்ன போடுறே?” மகளுக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை, போனில் இருந்த படத்தைக் காட்டினாள். பார்த்துவிட்டு, “தனித்தனியா எதையும் குறை சொல்ல மாட்டேன்மா. ஆனா முகம் ஒண்ணுதானே இருக்கு?” என்றார். தோலின் வெளிப்படலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதானாம். ஈரத்தை உள்ளே வைத்திருப்பதும், கண்டதை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுதான். அமிலங்கள் அங்கே இறந்த செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகின்றன. ரெட்டினால் அடியிலிருந்து புதுச் செல்களை அவசரப்படுத்துகிறது. பழகுகிற வரை அது ஒன்றே உரிக்கும், எரிக்கும். ஒரே ராத்திரியில் இரண்டு பக்கமும் இப்படி வேலை நடந்தால் நடுவில் எது மிஞ்சும்? எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மிதமான ஃபேஸ்வாஷ், வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். வேறு எதுவும் கூடாது.

இதில் என்னைத் தூங்கவிடாத சங்கதி ஒன்று உண்டு. அந்த டோனரும் ரெட்டினால் கிரீமும் உங்களில் ஒரே நிறுவனத்துடையவை. டோனரை வாங்கும் பக்கத்திலேயே ‘இத்துடன் சேர்த்து வாங்குங்கள்’ என்று அந்தக் கிரீமைக் காட்டி, இரண்டும் எடுத்தால் தள்ளுபடி என்றும் போட்டிருந்தீர்கள். சேர்த்து விற்கத் தெரிகிறது, சேர்த்துப் பூசினால் மட்டும் பொறுப்பல்ல.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. இதை எதனுடன் ஒரே வேளையில் பூசக்கூடாது என்பதை டப்பாவின் முன்பக்கத்தில், வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில், ‘மென்மையானது’ என்று போட்டிருக்கிறீர்களே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு பட்டியல் இருப்பது எனக்கும் தெரியும். அதில் பெயர் வரிசை இருக்கிறது, பெரும்பாலும் எத்தனை சதவீதம் என்று இருப்பதில்லை. என்னவென்று தெரியாத பெயரைப் படித்து யார் ஜாக்கிரதையாக இருப்பது?

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். கிளைகாலிக் வகை அமிலம் உள்ள அழகுசாதனங்களில் வெயில் எச்சரிக்கை போடும்படி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே பரிந்துரைத்தது. முகத்துக்கான ரெட்டினால் 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் விதி போட்டது. மருந்து செய்கிறவர்களையும் பாருங்கள். பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு, ரெட்டினால் குடும்பத்து மருந்தான ட்ரெட்டினாயினைச் சிதைத்துவிடக்கூடியது. அதேபோல் வேலை செய்யும் அடாபலின் என்ற மருந்து பெராக்சைடைத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் அடாபலினையும் பெராக்சைடையும் ஒரே டியூபில் சேர்த்து, அந்தச் சேர்க்கையையே சோதித்து மருந்தாக விற்கிறார்கள். சேர்த்துச் சோதிப்பது நடக்காத காரியமில்லை.

சோதிக்கத்தான் நேரமில்லை போலும். பத்து வயதுப் பிள்ளைகள்கூடச் சுருக்கம் போக்கும் சீரம் கேட்கிறார்கள். எந்தச் சுருக்கம் என்று யாராவது காட்டினால் தேவலை. கண்ணுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, உதட்டோரத்துக்கு ஒன்று. மூக்குநுனிக்குத் தனியாக இன்னும் வரவில்லை, வந்துவிடும். மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

மகளுக்கு இப்போது பரவாயில்லை. ஆறு வாரம் ஆயிற்று. இடது கன்னத்தில் மட்டும் ஒரு திட்டு இன்னும் கறுத்து நிற்கிறது, அது போக மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் மருத்துவர். பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் எழுதவில்லை. எதனுடன் சேர்க்கக்கூடாது என்ற அந்த ஒரு வரியை முன்பக்கத்தில் போடுங்கள் என்றுதான் தாழ்மையுடன் கேட்கிறேன்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதானால், ‘தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த டப்பாவுடன் சேர்த்துச் சோதித்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெண்ணின் அப்பா