இரவில் எழுதிய ஒரு வரி

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு; ஆனால் இதைப் படித்து முடித்த பிறகு கோபித்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டாய், எனக்குத் தெரியும்.

அப்பா போன பிறகு ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், தூங்குகிறேன், இதெல்லாம் எதற்கு? யாரைக் கேட்பது என்று தெரியாமல், கேள்விப்பட்ட முறைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்தேன். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு பழைய அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் முறை. அவர் 13 நற்குணங்களை எழுதி, வாரத்துக்கு ஒன்றில் கவனம் வைத்து, தவறியபோதெல்லாம் சிறு நோட்டில் கரும்புள்ளி குத்தியவர். நானும் கட்டம் வரைந்தேன். 'ஒழுங்கு' என்ற வரிசை மட்டும் எறும்பு மொய்த்ததுபோல் கறுத்துக் கிடந்தது. அவரையும் அதிகம் படுத்தியது அதுதான் என்று படித்தபோது மனம் ஆறியது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அதை நம்பினேன். 23ஆம் நாள் எழ முடியவில்லை. ஆத்திரத்தில் தாளைக் கிழித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது: அந்த 21, ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழகுவதைப் பார்த்து 1960இல் எழுதிய கணக்கு. அவரும் 'குறைந்தது' என்றுதான் எழுதினார். லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பழக்கம் படியச் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் விட்டுப்போனால் குடிமுழுகிவிடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. இதைச் சொல்லாமல் ஊக்கமூட்டுகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நாள் சீரானது, உண்மை. 'எதற்கு' மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதனால் கேள்வியைச் சிறிதாக்கினேன். 'இன்று எப்போது கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன்?' இரவில் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். நாற்பது இரவுகள் கழித்துப் புரட்டினால், பதினொன்றில் ஒரே பதில்: தம்பிக்கு வாசித்தபோது.

தம்பி என்றால் பார்வை இழந்த ஒரு சட்ட மாணவன். சனி, ஞாயிறில் அவனுக்குப் பாடம் வாசிக்கிறேன். கண்ணை மூடி, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்பான். ஒரு நாள் தட்டுவதை நிறுத்தி, "அண்ணா, அந்த வாக்கியத்தில் ஒரு கமா இருக்கிறதா?" என்றான். பார்த்தேன், இருந்தது, நான் விழுங்கிவிட்டேன். அந்தக் கமாவில்தான் பொருளே மாறுகிறது. அன்று வீடு திரும்பும்போது, அப்பா போன பிறகு முதல்முறையாக, மறுநாள் எப்போது வரும் என்றிருந்தது.

இப்போது அவன் நண்பர்களும் கேட்கிறார்கள். பாடங்களைக் குரலில் பதிவு செய்கிறோம். கல்லூரி நாடகத்தில் ராஜா வேடம் கட்டி, மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்க வைத்தாயே, அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்? வரலாற்றுப் பாடத்தில் நான்காம் அத்தியாயத்தை உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். நாற்பது பக்கம். இந்த மாதத்துக்குள் அனுப்பு. கமாவை விழுங்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்