புதிய டெட்ரிஸில் பழைய விதிகளுக்கும் இடம் வேண்டும்

டெட்ரிஸ் நிறுவனத்தாருக்கும், அந்த ஆட்டத்தைக் கையடக்கக் கருவிகளுக்கெனப் புதுப்பித்துத் தரும் குழுவினருக்கும்,

வணக்கம்.

மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கி, நிரம்பிய வரிசைகளை அழிப்பதே டெட்ரிஸ். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய இந்த ஆட்டம் 1989-இல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் வழியாக உலகெங்கும் பரவியது. சென்னையில் எங்களில் பலருக்கோ அது 'பிரிக் கேம்' என்ற பெயரில், பர்மா பஜாரில் விற்ற மலிவான கருவிகளில்தான் அறிமுகமானது. அன்று தொடங்கிய பற்றின் உரிமையில் இதை எழுதுகிறேன்.

புதுப்பித்தலை நான் எதிர்க்கவில்லை. முதல் கேம் பாய் பதிப்பில் கருவியை அணைத்ததும் அழிந்துபோன மதிப்பெண்களை 1998-இல் வந்த டெட்ரிஸ் டிஎக்ஸ் சேமித்து வைத்தது. அது நல்ல மாற்றம். 2006-இல் வந்த டெட்ரிஸ் டிஎஸ்ஸில் மாறியதோ ஆட்டத்தின் போக்கு. கட்டை விழப்போகும் இடத்தை நிழல் காட்டுகிறது. வேண்டாத கட்டையை ஒதுக்கி வைக்கலாம். தரையைத் தொட்ட பிறகும் சுழற்றிக்கொண்டே இருந்தால் கட்டை நிலைபெறாமல் காத்திருக்கிறது.

ஏழு வகைக் கட்டைகளையும் வகைக்கு ஒன்றாக ஒரு பையில் போட்டுக் குலுக்குவதுபோல் கலந்து, அவை தீர்ந்த பிறகே அடுத்த பையைத் திறக்கும் இன்றைய முறையில், நான்கு சதுரங்கள் நேர்கோட்டில் அமைந்த நீளக்கட்டைகள் இரண்டுக்கு இடையே 12 கட்டைகளுக்கு மேல் வரவே முடியாது. கேம் பாயில் அப்படி எந்த உறுதியும் இல்லை. அங்கே தொடக்க நிலையில் மூன்று வரிசைகளைச் சேர்த்து அழித்தால் 300 புள்ளிகள், நீளக்கட்டையால் மட்டுமே முடிகிறபடி நான்கை ஒருசேர அழித்தால் 1200. ஆகவே, எப்போது வரும் என்று தெரியாத நீளக்கட்டைக்காக ஓரத்துப் பள்ளத்தைத் திறந்தே வைத்திருப்பதா, அடுக்கு உயர்ந்துவிடுமுன் அதை மூடிவிடுவதா என்று ஆடுபவர் துணிந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. இந்த ஆட்டத்தின் உயிர் அந்த முடிவில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே, அடுத்த பதிப்பின் முகப்பில் 'பழைய விதிகள்' என்ற தேர்வைத் தாருங்கள். அதில் நிழலும் ஒதுக்கிவைப்பும் வேண்டாம். அடுத்த கட்டை ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். மதிப்பெண் பட்டியல் தனியாக இருக்கட்டும். புதியவர்களுக்கு இன்றைய விதிகள் அப்படியே தொடரட்டும்.

நிறமில்லாத கேம் பாய் திரையில் கட்டைகளை வேறுபடுத்திக் காட்டிய வடிவக்கோடுகளையும் ஒரு தேர்வாகச் சேர்த்தால், நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். இவை அனைத்தும் இணைய இணைப்பு இல்லாமலே இயங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஓர் ஆட்டக்காரர்