பணம் வாங்கிக்கொண்டு என் வலைத்தளத்தைத் திறந்தே பார்க்காத 'வடிவமைப்பு ஆய்வு' பற்றிய புகார்

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ரூ. 5,900 செலுத்திய 'வடிவமைப்பு ஆய்வு' சேவையில் குறைபாடு. சரியான ஆய்வு அல்லது முழுப் பணம் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இந்தக் கடிதம் எழுதும் நிலைக்கு வரக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்துப் பார்த்தேன். போன் போட்டேன், சாட்டில் கேட்டேன், மெயில் அனுப்பினேன், கடைசியில் நேரிலும் வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை. புகாருக்கு நீங்கள் கொடுத்த டிக்கெட் எண்ணைச் சொன்னால், "அது குளோஸ் ஆயிடுச்சு மேடம், புதுசா ஒண்ணு ரெய்ஸ் பண்ணுங்க" என்கிறார்கள். என் பிரச்சினை தீராமல் அதை யார் மூடினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

நான் தஞ்சாவூரில் தஞ்சாவூர் ஓவியம் வரைபவள். டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடம்), டெம்ப்ளேட் (தயார் வடிவமைப்பு) மூன்றும் உங்களிடம் வாங்கித்தான் என் சொந்த வலைத்தளத்தை நடத்துகிறேன். நான் வரைந்த படங்கள் அதில் இருக்கின்றன. பலகையில் துணி ஒட்டுவது, கல் பதிப்பது, சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மக்கு வைத்து நகைகளை மேடாக்குவது, தங்க ரேக்கு என்னும் மெல்லிய தகடு ஒட்டுவது என்று வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறேன். எல்லாம் நானே ஏற்றியது. ஆனால் தளம் பார்க்க எடுப்பாக இல்லை. வந்தவர்கள் நிற்காமல் போய்விடுகிறார்கள். எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். "எங்கள் வடிவமைப்பாளர் உங்கள் தளத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, மாற்ற வேண்டியவற்றைச் சொல்வார்" என்று நீங்கள் விளம்பரம் செய்திருந்தீர்கள். 5,000 ரூபாயும் 18% ஜி.எஸ்.டி. 900 ரூபாயும் சேர்த்துக் கட்டினேன். ரசீது இணைத்திருக்கிறேன்.

பணம் கட்டிய அன்றே என் சந்தேகங்களையும் தெளிவாக எழுதி அனுப்பினேன். முகப்பில் இருப்பது வெண்ணெய்த்தாழிக் கண்ணன் படம். கணினியில் முழுசாகத் தெரிகிறது. போனில் பார்த்தால் தலையே இல்லை. கிரீடம், முகம் இரண்டும் மேலே வெட்டுப்பட்டு, தொந்தியும் வெண்ணெய்ப் பானையும்தான் தெரிகின்றன. அந்தக் கிரீடத்தில் தங்க ரேக்கு ஒட்டி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர்கள் என் படத்தைப் பார்ப்பதே போனில்தான். ஏன் இப்படி வெட்டுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். தமிழ் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன, மேல் வரியில் 'ழு' தொங்கினால் கீழ் வரியின் 'கீ' மேல் போய் முட்டுகிறது, அதையும் கேட்டிருந்தேன். சந்தன நிறப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, வயதானவர்களுக்குக் கண் தெரியவில்லை என்கிறார்கள், வேறு என்ன நிறம் வைக்கலாம் என்றும் கேட்டிருந்தேன்.

இவற்றுக்கு வந்த பதில் என்ன தெரியுமா? முதலில் வந்த அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் கீழே ஒரு பல் மருத்துவமனையின் பெயர். உள்ளே அவர்களுடைய அப்பாயின்ட்மென்ட் படிவத்தைப் பற்றிய யோசனைகள். அவர்களுடைய விவரங்கள் என் கையில் வந்தால், என்னுடையது யார் கையில் போயிருக்கிறது? இதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

திரும்பக் கேட்ட பிறகு 'திருத்திய அறிக்கை' வந்தது. பெயர் மட்டும்தான் என்னுடையது. "தலைப்புகளை எல்லாம் கேப்பிட்டல் எழுத்தில் மாற்றவும்" என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. என் தலைப்புகள் அத்தனையும் தமிழ். தமிழில் ஏதய்யா கேப்பிட்டல் எழுத்து? எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டவும் என்று இருக்கிறது. கூட்டிப் பார்த்தேன், சொற்கள் சிதறிப் போய்ப் படிக்கவே முடியவில்லை. "கார்ட்டில் சேர்" பொத்தானைப் பெரிதாக்கவும் என்று இருக்கிறது. என் தளத்தில் கடையே கிடையாது. விலை கேட்பவர்கள் எனக்குப் போன் செய்வார்கள், அவ்வளவுதான். கண்ணனைப் பற்றி ஒரு வரி இல்லை. என் தளத்தை ஒரே ஒரு தடவை போனில் திறந்திருந்தால் முதல் நொடியிலேயே கண்ணில் படுகிற குறை அது. திறக்கவே இல்லை. நான் 5,900 ரூபாய் கொடுத்தது யாராவது ஒருவர் பார்ப்பதற்குத்தான்.

இதைச் சொல்லத்தான் உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் பேசியவர், நான் பாதி சொல்லும்போதே, "மேடம், ரிப்போர்ட் அனுப்பியாச்சு. உங்களுக்குப் புரியலைன்னா நாங்க என்ன பண்ண முடியும்? வீட்ல படிச்சவங்க யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க" என்றார். நான் வாயடைத்துப் போனேன். பக்கத்தில் பலகைக்கு மக்கு தடவிக்கொண்டிருந்த என் மாணவிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், போன் ஸ்பீக்கரில் இருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். வைத்துவிட்டார். "இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று தொடக்கத்தில் நீங்களே சொல்கிறீர்கள் அல்லவா, அந்தப் பதிவை எடுத்துத் தயவுசெய்து கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண் ஒருவரிடம் அப்படிப் பேசினால் பொறுத்துக்கொள்வீர்களா என்று மட்டும் யோசியுங்கள்.

அப்புறம்தான் சென்னைக்கு வந்தேன். நானாக வரவில்லை. "நேரில் வாங்க மேடம், டிசைனரோடவே உட்கார்ந்து பேசிடலாம்" என்று உங்கள் சாட்டில் சொன்னார்கள். அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பில் இருக்கிறது. உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடியற்காலை எழும்பூரில் இறங்கி, ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் உங்கள் அலுவலகம் வரை ஆட்டோ பிடித்து வந்தேன். படத்தை நேரில் காட்டலாம் என்று சின்ன அளவில் ஒன்றைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வரவேற்பில் இருந்த பெண், "டிசைன் டீம் எல்லாம் ஒர்க் ஃப்ரம் ஹோம், இங்க யாரும் வர மாட்டாங்களே" என்றார். வரச் சொன்னவர் யார் என்று கேட்டால், சாட்டில் பேசுபவர்கள் வேறு ஊராம். மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். ஒருவரும் வந்து பேசவில்லை. காவலாளி அண்ணன் ஒருவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எவ்வளவு தூரத்திலேர்ந்து வந்திருக்கீங்கம்மா" என்று கேட்டார். உங்கள் நிறுவனத்தில் என்னிடம் மனுஷத்தன்மையோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அவர் மேல் எந்த நடவடிக்கையும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைத் தனியாகச் சொல்கிறேன்.

திரும்பி வந்த வாரம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். தளத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் காப்பி ஆறுவதற்குள் காரணத்தைச் சொல்லிவிட்டான். உங்கள் டெம்ப்ளேட்டில் போனுக்கு அகலமான, உயரம் குறைந்த பெட்டி ஒன்று வைத்திருக்கிறீர்கள். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். குறியீட்டில் 'ஆப்ஜெக்ட் ஃபிட்' என்பதை 'கவர்' என்று போட்டிருப்பதால், நெடுக்கான படம் வந்தால் நடுவை மட்டும் வைத்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டிவிடுகிறது. 'ஆப்ஜெக்ட் பொசிஷன்' என்று ஒரு வரியில் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் தலை வந்துவிடும், முழுப் படமும் வேண்டுமென்றால் பெட்டியின் உயரத்தைக் கூட்ட வேண்டும் என்றான். வரி இடிப்பதற்குக் காரணம், வரி உயரத்தை ஆங்கில எழுத்துக்குத் தகுந்தபடி எழுத்தின் அளவைப்போல் 1.2 மடங்கு என்று வைத்திருக்கிறீர்கள், தமிழுக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால் அது போதாது, 1.6 அளவுக்கு வைத்தால் காற்றோட்டமாக இருக்கும் என்றான். சாம்பல் எழுத்தைப் பற்றியும் சொன்னான்: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று, தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டுதலிலேயே இருக்கிறதாம். உங்கள் டெம்ப்ளேட் நிறம் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

டெம்ப்ளேட் உங்களுடையது. அது போனில் படத்தை எப்படி வெட்டும், என்ன வரி உயரம், என்ன நிறம் என்பது செய்தவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். தெரிந்தும், கேட்டவள் தமிழில் தளம் நடத்தும் ஒரு பெண்தானே என்று ஏதோ ஒரு தாளை அனுப்பி வைத்திருக்கிறீர்கள். "வீட்ல படிச்சவங்க" என்றாரே, நான் எம்.ஏ. படித்தவள். படிக்காதவளாகவே இருந்தாலும் அப்படிக் கேட்க அவருக்கு என்ன உரிமை? பணம் வாங்கும்போது நான் படித்தவளா என்று யாரும் கேட்கவில்லையே!

நீங்கள் இழுத்தடித்த நேரத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம், மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கப் பெரிய கிருஷ்ணன் படம் கேட்டார்கள். தளத்தைப் பார்த்துவிட்டு, "படம் அரைகுறையா இருக்கே" என்று சொல்லி வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். ரூ. 40,000 ஆர்டர். இதுபோல் சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேரோ! தை, மாசி முகூர்த்தங்களை நம்பித்தான் எனக்கு வருட வருமானமே. இந்த வருடம் அது மொத்தமும் போய்விட்டது. இருபது வருடமாகச் சேர்த்த பெயரும் உங்களால் கெட்டுவிட்டது.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. தளம் ஒரு நாளும் முடங்கியதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அதனால் தயவுசெய்து கேட்கிறேன்: ஒரு வடிவமைப்பாளர் என் தளத்தைப் போனிலும் கணினியிலும் திறந்து பார்த்து, தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருந்து, நான் கேட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரட்டும். முடியாவிட்டால் ரூ. 5,900-ஐ முழுசாகத் திருப்பித் தாருங்கள். சென்னைக்கு வரவழைத்து அலையவிட்ட செலவையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும். போனில் அப்படிப் பேசியவர் எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அதற்குப் பிறகு உங்கள் ஆட்கள்தான் தஞ்சாவூருக்கு ரயில் ஏற வேண்டியிருக்கும். ஆணையத்தில் ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்பேன்.

ரசீது, இரண்டு அறிக்கைகள், சாட் உரையாடல், போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பல் மருத்துவமனையின் அறிக்கையில் அவர்கள் பெயரை மறைத்திருக்கிறேன். பதிலை மெயிலில் மட்டும் அனுப்புங்கள், போனில் பேச நான் தயாராக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்.