பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம்

அன்பு நண்பா,

போன வாரம் உன் ஊருக்குப் போய் வந்தேன். சென்னையிலிருந்து நேராக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு, விமானத்தில்.

டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருந்தது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்து நிற்பது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தரையை விட்டு எழும்பி மறுபடி தரை தொட்டதற்கு நடுவே என் கடிகாரத்தில் ஐம்பத்தைந்து நிமிடம்தான் ஓடியிருந்தது. பலாலியில் ஓடுபாதை சிறியது. அதனால் காற்றாடி வைத்த ஏ.டி.ஆர் விமானம்தான் வருகிறது. ஜெட் அளவு வேகம் கிடையாது.

வீடு திரும்பியதும் அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மீனம்பாக்கமும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 80 பாகையை ஒட்டி இருக்கின்றன. நேர் தெற்கே ஒரு கோடு, அவ்வளவுதான். அட்சரேகை வித்தியாசம் 3.2 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 355 வருகிறது. எங்கள் கோயம்புத்தூர் இதைவிடத் தூரம்! திருச்சியிலிருந்து அளந்தால் இன்னும் குறைவு, 185தான்.

1981 கோடை விடுமுறைக்கு உன்னை வழியனுப்ப எழும்பூர் வந்தது நினைவிருக்கிறதா? ராமேஸ்வரம் வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், மதவாச்சியில் வண்டி மாற்றம். ஊர் போய்ச் சேர்ந்ததாக உன் கடிதம் வரும்வரை எனக்கு நிம்மதி இருக்காது. பிறகு அந்தக் கப்பலும் நின்றது. இத்தனைக்கும் ஏர் சிலோன் 1947 டிசம்பரில் தன் முதல் விமானத்தை விட்டதே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து, பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். இருந்த வழியை மூடிவிட்டு, 2019 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். கொரோனா வந்ததும் சில மாதத்திலேயே அதுவும் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. எனக்கு இதில் இன்னும் ஆறாத வருத்தம். அம்மாவின் கடைசி நாட்களில் நீ லண்டனிலிருந்து கொழும்பில் இறங்கி, அங்கிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வடக்கே போனாயே.

சரி, இந்த முறை அப்படி வராதே. லண்டன்–சென்னை சுமார் 8,200 கிலோமீட்டர், பத்தரை மணி நேரம் போல ஆகும். என் வீட்டில் இரண்டு நாள் தங்கு. அப்புறம் பலாலிக்கு ஏறு. ஒரே நாளில் இரண்டையும் பொருத்தாதே. லண்டன் விமானம் தாமதமானால் பலாலி விமானம் உனக்காக நிற்காது. இந்திய விசாவை முதலில் எடுத்துக்கொள்.

ஜன்னலோரம் வலப்பக்கம் கேள். தமிழ்நாட்டுக் கரை அந்தப் பக்கம்தான். கோடியக்கரையிலிருந்து பலாலிக்கு அறுபது கிலோமீட்டர்தான் இருக்கும். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் விமானம் தாழ ஆரம்பித்துவிடும். அப்புறம் பனைமரங்கள்.

உன் அக்கா எனக்குக் காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுத்தார். உனக்கென்று பனங்கட்டிக் குட்டான், அதுதான் ஓலைப் பெட்டியில் வைத்த பனைவெல்லம், கட்டித் தந்திருக்கிறார், என் வீட்டில் இருக்கிறது. கிளம்பும்போது வாசல் வரை வந்து, "தம்பிக்குச் சொல்லுங்கோ, இனிக் கொழும்பு சுத்தி வர வேண்டாம் எண்டு" என்றார்.

தேதியை எழுது. டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்