பசி டானிக் கேட்ட மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. பாப்பா சரியாகச் சாப்பிட மாட்டேன்கிறாள், மாதம் தவறாமல் சளி காய்ச்சல் வருகிறது, நல்ல பசி டானிக் எது என்று விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். செந்தூலில் எல்.ஆர்.டி. ரயிலுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் படி.

டானிக் எதையும் வாங்காதே. தீபாவளிக்கு நீங்கள் பினாங்குக்கு வந்திருந்தபோது நான் ஒன்று கவனித்தேன். விருந்து நாளில் சொன்னால் வழக்காகிவிடும் என்று விட்டுவிட்டேன். பாப்பா சிரிக்கும்போது மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டினாற்போல், சுண்ணாம்பு தடவியது மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று தெரிகிறது. துடைத்தால் போகாது. பல் சொத்தையாவதற்கு முந்தைய நிலை அது. புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைகளுக்கு முதலில் அங்கேதான் பிடிக்கும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும், பால் பல்லிலேயே தேங்கி நிற்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பித்துவிடும்.

மருமகளிடம் கேட்டேன், ஒரு நாளைக்கு எத்தனை புட்டி என்று. எழுந்ததும் ஒன்று, தாஸ்காவில் (குழந்தைக் காப்பகத்தில்) ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று. ஒவ்வொன்றும் 240 மில்லி என்றால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பால். ஒரு லிட்டர் பாலில் 600 கலோரிக்குக் குறையாமல் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் ஏறக்குறைய ஆயிரம் போதும். அப்புறம் சோறு எப்படி இறங்கும்? அவளுக்குப் பசி இல்லாமல் இல்லை, பசிக்க நீங்கள் விடுவதில்லை. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறு நிறையப் பாலைக் குடித்துவிட்டு மற்றதைத் தொடாத பிள்ளைக்கு ரத்தசோகை வருவது டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம். சோகை பிடித்தால் பசி இன்னும் குறையும். அரை லிட்டருக்கு மேல் போகவிடாதே. விலை கூடிய 'வளரும் பிள்ளைக்கான பால்' டின்னுக்கு மாறலாமா என்று யோசிக்க வேண்டாம். அது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2013-ல் சொல்லிவிட்டது.

உன்மேலும் ஒரு புகார் இருக்கிறது. காலையில் கெட்டியான இனிப்பு டின் பால் போட்ட உன் தே தாரிக் டீயில் பிஸ்கட்டைத் தொட்டு அவளுக்கு ஊட்டுகிறாயாமே. பாசம்தான், தெரியும். தோட்டத்து லயத்தில் என் அப்பா எனக்குச் செய்ததும் அதேதான். அந்தக் காலத்தில் டின் பால் இருந்தால் அது வசதியான வீடு. ஆனால் தேயிலை உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. இப்போது கடையில் அடுக்கியிருக்கும் பல டின்களின் லேபிளைத் திருப்பிப் பார், பால் என்றே போட்டிருக்காது. இனிப்புக் கிரீமர் என்று இருக்கும், உள்ளே செம்பனை எண்ணெய். 2019 ஜூலையிலிருந்து, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள தொழிற்சாலைப் பானங்களுக்கு அரசாங்கம் வரி போடுகிறது. மாமாக் டீக்கடையில் ஆற்றித் தரும் டம்ளருக்கு அந்த வரி கிடையாது, அதற்கு நீதான் போட வேண்டும்.

இந்த டின் பால் விவகாரம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சிசிலி வில்லியம்ஸ் என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். ஜமைக்காவில் பிறந்து, ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துவிட்டு மலாயாவுக்கு மாற்றலாகி வந்தவர். பால் கம்பெனிகள் நர்ஸ் மாதிரி உடுத்திய பெண்களைத் தாய்மார்களிடம் அனுப்பி, தாய்ப்பாலைவிட டின் பால் உசத்தி என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. நம்பிக் கொடுத்த வீடுகளில் பிள்ளைகள் செத்தன. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் அந்த அம்மா எழுந்து நின்று ஒரு பேச்சு பேசினார். அதற்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையில் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் அடைபட்டுக் கிடந்து, போர் முடிந்ததும் திரும்ப வந்து மலாயாவிலேயே தாய்சேய் நலப் பணியைப் பார்த்தார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கதையைக் கேட்டேன். அதிலிருந்து நம் வீட்டில் பிள்ளைகளுக்கு டின் பால் கிடையாது. நீ அழுதாய், கொடுக்கவில்லை.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கிவிடாதே, வீடு இரண்டாகிவிடும். படுக்கைப் புட்டியை முதலில் எடு. பாலைக் கப்பில் கொடு, பிறகு பல் துலக்கு, அதற்குப் பின் தண்ணீர் மட்டும்தான். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு. நீயே துலக்கிவிடு, அவளிடம் பிரஷ்ஷைக் கொடுத்தால் கடித்துக்கொண்டு நிற்பாள். முதல் சில இரவுகள் நீயே படுக்க வை. அம்மா பக்கத்தில் படுத்தால் கட்டாயம் புட்டி கேட்பாள். அரசாங்கப் பல் கிளினிக்குக்கு ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டிவிடு. வெள்ளையாக இருக்கும்போதே பார்த்தால் அந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டு, பழுப்பாகிக் குழி விழுந்தால் கஷ்டம்.

இனி சளி காய்ச்சலுக்கு வருகிறேன். தாஸ்காவுக்குப் போக ஆரம்பித்த முதல் வருடத்தில் பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி பிடிப்பது சகஜம், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நீ ஒருநாள் லீவு போட்டுவிட்டு அந்தத் தாஸ்காவின் உள்ளே போய்ப் பார். வாசலில் ஒட்டியிருக்கும் கார்ட்டூனைப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. நகராண்மைக் கழகத்துக்காகச் சுத்தம் பார்க்கக் கடை கடையாய் ஏறி இறங்கிய ஆள் சொல்கிறேன், நேரே கை கழுவும் தொட்டிக்குப் போ. குழாய் பிள்ளைக்கு எட்டுகிறதா? சோப்பு இருக்கிறதா, காலிப் புட்டி நிற்கிறதா? பக்கத்தில் ஒரே துண்டு தொங்கி, எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் துடைக்கிறார்கள் என்றால் கழுவியதே வீண். டயப்பர் மாற்றும் இடம் சமையல்கட்டுக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று பார். சமைக்கிற அக்காவுக்கு டைபாய்டு ஊசி போட்டாயிற்றா என்று கேள். 2009 உணவுச் சுகாதார விதிமுறைப்படி அது கட்டாயம், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கை, கால், வாய்ப்புண் நோய் பரவுகிறது என்று சொன்னாயே, அதற்கு பாப்பாவின் பையில் மாட்டிவிட்ட சாராய ஜெல்லை நம்பி இருக்காதே. அந்த வைரஸ் வகைக்கு ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். புண் ஆறிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் கழுவிவிட்ட பெரியவர் கைதான் பெரும்பாலும் அடுத்த பிள்ளைக்குக் கொண்டுபோகிறது. பொம்மைகளை பிளீச் கலந்த தண்ணீரில் துடைத்து நன்றாக அலசு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் காய்ச்சல் இறங்காமல் விடாமல் வாந்தி எடுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, தூக்கத்தில் தூக்கித் தூக்கிப் போட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. 1997-ல் சரவாக்கில் இதே நோயின் ஒரு கடுமையான வகை பல பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று.

பாப்பாவுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுக்க ஒரு விளையாட்டு உண்டு. நல்லெண்ணெயில் கோப்பித்தூளைக் குழைத்து அவள் இரண்டு கையிலும் பூசிவிடு. முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல், ஒன்றும் போகாது. பிறகு சோப்பு போட்டு, அ முதல் ஃ வரை நிதானமாக இரண்டு தரம் சொல்லிக்கொண்டே தேய்க்கச் சொல். கிட்டத்தட்ட இருபது விநாடி ஆகும். முடித்ததும் கையைத் திருப்பிக் காட்டு. உள்ளங்கை பளிச்சென்று இருக்கும். கட்டைவிரலைச் சுற்றியும் நகக்கண்ணிலும் கறுப்பு அப்படியே நிற்கும். வாய்க்குப் போவதும் அந்த விரல்தானே! பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால் ஆசிரியர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டு. ராத்திரியில் ஆசனவாயில் சொறிகிறாள் என்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம், கிளினிக்கில் மாத்திரை கொடுப்பார்கள். அவளுக்கு மட்டும் கொடுத்தால் போதாது, வீட்டில் எல்லாருமே விழுங்க வேண்டும்.

2024 ஜனவரியில் இங்கே வால்வு மாற்ற நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது உன் அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கை கழுவ மட்டும் என்று ஒதுக்கி, அதன்மேல் தட்டைப் போட்டுக் காவல் இருந்தாள். நான் குளிக்கக் கேட்டும் தரவில்லை. அதே அம்மாதான் இப்போது பாப்பாவுக்குத் திருஷ்டி, மிளகாய் சுற்றிப் போடச் சொல் என்கிறாள். சுற்றிப் போடு, பிறகு கையைக் கழுவு.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பால் குறைந்தாலே பாதி சரியாகிவிடும். ஒரு முட்டை, கொஞ்சம் கெம்போங் மீன் முள் நீக்கி, பருப்பு, ஏதாவது ஒரு கீரை. முருங்கைக்கீரை செந்தூல் பக்கம் கிடைக்காமல் போகாது. கூடவே ஒரு துண்டு கொய்யா கொடு. கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை அதுதான் உடம்பில் சேர்க்கும். புளிப்புப் பொடி தூவாத கொய்யாவாக வாங்கு. புதிய சாப்பாட்டை முதல் தடவை துப்பினால் அவளுக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டாதே. பத்துத் தடவைக்கு மேல் வைத்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடுவார்கள். போனைக் காட்டி ஊட்டாதே, தட்டோடு பின்னால் ஓடாதே. அரை மணி நேரம் பார், சாப்பிடவில்லையா, தட்டை எடுத்துவிடு, அடுத்த வேளை வரை தண்ணீர்தான். இரண்டு நாள் மனசு கேட்காது. பாட்டி வீட்டில் இருந்தால் இது நடக்காது, நீங்கள் தனியாக இருப்பதில் அந்த ஒரு வசதி இருக்கிறது.

அவள் தட்டில் காய்கறி வேண்டுமென்றால் உன் தட்டிலும் இருக்க வேண்டும். 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், பாதி) என்று கிளினிக் சுவரில் படம் ஒட்டியிருப்பார்களே: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காயும் பழமும். உன் தட்டில் முக்கால் சோறு, மீதி குழம்பு.

மிச்சச் சோறு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பந்தல் பந்தலாகப் போய் நாங்கள் பார்ப்பதே சோறு எத்தனை மணிக்கு வடித்தது என்பதைத்தான். வெளியே வைத்த சோற்றில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. காலையில் வடித்ததை மேசைமேலேயே மூடிவைத்து ராத்திரி கொடுக்காதே. ஆறியதும் ஃபிரிட்ஜில் வை.

கிளினிக்கில் கொடுத்த பாப்பாவின் புத்தகத்தில் எடை, உயரக் கோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எடையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதே. 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லை. அவர்களெல்லாம் சோறில்லாத வீட்டுப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கோடு சாய்கிறது என்றாலோ, முகம் வெளுத்திருக்கிறது என்றாலோ ரத்தம் பார்க்கச் சொல். இரும்பு மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஆயர் ஈத்தாம் பசாரில் நல்ல நெத்திலி வந்திருக்கிறது, அம்மா ஒரு கிலோ கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் உன் மாமா கோலாலம்பூர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். உப்பு அதிகம். பாப்பாவுக்குச் செய்வதை இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகு வறு.

அப்பா